பொலிஸ்காரர் எடுத்த படம்

இந்திரகுமார் ஆபிரிக்காவில் இருந்து வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. ஆனால் ஆள் இன்னும் முழுதாக வந்துசேரவில்லை. மெல்பேர்ணின் கிளேட்டன் பகுதியில் இருந்த அவருடைய வீட்டுக்கு யார் போனாலும், தேநீர் ஆறுவதற்குள் பேச்சைக் கொண்டுபோய்ச் சிங்கத்தில் கட்டிவிடுவார். அலுவலகத்தில் இரவல் வாங்கிய புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. முன்னறைச் சுவரில் இருந்த முருகன் படத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு படுக்கை விரிப்பை அடித்திருந்தார். முருகன் குசினிக்குப் போய்விட்டார்.

அது 1974ஆம் ஆண்டு. மெல்பேர்ணில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி இடமும் மிச்சம் பிடித்திருக்கலாம். சனிக்கிழமை பின்னேரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். கட்லட் இருக்கும், ஊர்ப் புதினம் இருக்கும். யார் எங்கே போய்வந்தாலும் ஸ்லைட் போட்டுக் காட்டியே ஆகவேண்டும். சிட்னிக்குப் போய்ப் பாலத்தை எடுத்து வந்தவர்கள்கூடக் காட்டினார்கள், மற்றவர்கள் இருட்டில் கொட்டாவி விட்டபடி பார்த்தார்கள். இந்திரகுமாரின் படங்களுக்குக் கொட்டாவி கிடையாது. அந்த மரியாதை அவருக்கு நன்றாகவே பிடித்துப்போயிருந்தது.

அவர் மனைவி சந்திரவதனாவுக்கு மட்டும் அந்தப் படங்கள் ஒரு தொல்லை. எல்லாப் படங்களும் அல்ல. ஒன்றுதான்.

"அந்த ஒண்டை எடுத்துவிடுங்கோவன்" என்று அந்தச் சனிக்கிழமையும், ஆட்கள் வருவதற்கு முன், கேட்டாள்.

"எதை?"

எதை என்று அவருக்குத் தெரியும். கேட்டால் அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள் என்பதும் தெரியும்.

"அது ஒண்டிலைதான் நீரும் நானும் ஒண்டாய் நிக்கிறம்" என்றார். "உம்மடை முகம் நல்லாய் விழுந்ததும் அதிலைதான்."

ஒருதரம் அவளே அந்த ஸ்லைட்டைப் பெட்டியில் இருந்து எடுத்துச் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். அவர் தேடிப்பிடித்து மறுபடியும் அதன் இடத்தில் செருகிவிட்டார்.  அந்தப் படம் எடுக்கப்பட்ட நாள் அந்த வீட்டில் பேசப்படாத விஷயம்.

நடந்தது இதுதான். இந்திரகுமார் ஒரு சுரங்கக் கம்பனியில் எஞ்சினியர். அவருடைய மேலதிகாரி ஹார்டிங்கும் அவர் மனைவி மார்ஜரியும் விலங்குப் பைத்தியங்கள். தென்மேற்கு ஆபிரிக்காவில் ஒரு பக்கம் பாலைவனம், மறு பக்கம் சமுத்திரம், மணல்மேடு நேரே அலைக்குள் இறங்குகிற இடங்கள் உண்டு, ஜீப்பில் கூடாரத்தோடு சுற்றினால் யானையும் பார்க்கலாம், கடல்நாயும் பார்க்கலாம் என்று ஹார்டிங் சொன்னார். நீங்களும் வாருங்கள் என்றார். மேலதிகாரி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாலே இந்திரகுமார் ஒரு கிழமை அதையே சொல்லித் திரிவார். இது ஆபிரிக்கா.

ஆனால் அந்தத் தேசம் தென்னாபிரிக்காவின் பிடியில் இருந்தது. அங்கே நிறத்துக்கு ஒரு வாசல், குந்துவதற்கு நிறத்துக்கு ஒரு வாங்கு, நிறத்துக்கு ஒரு கடற்கரை. மெல்பேர்ணில் அது தெரியாதவர் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன் அங்கிருந்து றக்பி அணி விளையாட வந்தபோது வீதியெல்லாம் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஹார்டிங் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அங்குள்ள சுரங்க ஆட்களுடன் கதைத்தார். அவர்கள் அதிகாரிகளுடன் கதைத்தார்கள். கடைசியில், இரண்டு கிழமைக்கு மட்டும் இந்த அவுஸ்திரேலியத் தம்பதியை வெள்ளைக்காரராகவே நடத்துவதென்று ஏற்பாடாயிற்று. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்து வளர்ந்த இருவருக்கு இந்தப் பதவி உயர்வு ஒரு டெலிபோனில் கிடைத்தது.

"உன் சேலை அழகுதான்" என்று மார்ஜரி சந்திரவதனாவிடம் சொன்னாள். "ஆனால் தங்குகிற இடங்களில் மற்ற விருந்தினருக்குக் குழப்பமாக இருக்கும். அந்தப் பொட்டும்."

"பதினைஞ்சு நாள்தானே" என்றார் இந்திரகுமார். "பொட்டு வைச்சுக்கொண்டுதான் சிங்கம் பாக்க வேணுமெண்டு சட்டமே?"

சந்திரவதனா சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. சிங்கம் பார்க்க அவளுக்கும் ஆசைதான். விமான நிலையத்துக் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டை அழித்தாள். தாலிக்கொடியைச் சட்டைக் கழுத்துக்குள் தள்ளிப் பொத்தானைப் பூட்டினாள். காற்சட்டை போட்டுக்கொண்டு ஒரு தொப்பியையும் வைத்தபோது, பார்க்கப் பரவாயில்லை என்றுகூட நினைத்தாள்.

இதெல்லாம் பெரிதல்ல. பெரிது கடலோரத்தில் நடந்தது. அங்கே சின்னப் பட்டணம் ஒன்றின் ஓரமாகக் கடல் உள்ளே புகுந்து ஏரிபோலக் கிடந்தது. அதில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. ஹார்டிங்கும் மார்ஜரியும் ஜீப்பிலேயே இருந்துவிட்டார்கள். கரையில் இவர்களுக்கு முன்பே ஒரு மனிதன் நின்றான். நல்ல சேட்டு, மினுக்கிய சப்பாத்து, ஞாயிற்றுக்கிழமைக்கென்று உடுத்தியது தெரிந்தது. ஒரு பெண்பிள்ளை அவன் கையைப் பிடித்திருந்தது, சின்னது தோளில் இருந்து பறவைகளைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நிறத்தில் அவன் இந்திரகுமாரைவிட ஒரு பிடி வெளிறியவன் என்றே சொல்ல வேண்டும். ஒரு பொலிஸ்காரர் வந்தார். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதியிருந்த பலகையைக் காட்டி நாலு சொல் சொன்னார், அவ்வளவுதான். அந்த மனிதன் பிள்ளையைத் தோளில் இருந்து இறக்கினான். பிள்ளை இறங்க மாட்டேன் என்று அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டது. விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கி, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது இந்திரகுமாரையும் சந்திரவதனாவையும் ஒருதரம் பார்த்தான்.

அதன்பிறகு பொலிஸ்காரர் இவர்களிடம் வந்து தொப்பியைத் தொட்டார். சுரங்கக் கம்பனியின் விருந்தினர்தானே என்று கேட்டார். மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். நீங்கள் சேர்ந்து நில்லுங்கள், நான் எடுத்துத் தருகிறேன் என்று கமராவை வாங்கினார். சிரியுங்கள் என்றார். சந்திரவதனாவுக்குச் சிரிப்பு வந்தது. வரவழைத்த சிரிப்பு என்றால் அவள் தன்னை மன்னித்திருப்பாள். அது தானாக வந்த சிரிப்பு. அந்த வெட்கந்தான் அவளை விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தவர்கள் மூன்று பேர். கணித ஆசிரியர் யோகேஸ்வரனும் அவர் மனைவி ரஞ்சினியும் வழக்கமாக வருகிறவர்கள். ரஞ்சினி ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அவளுடன் வேலை செய்கிற ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். குளிருக்கு நீளக் கோட், அதற்குள் ஒரு பழைய கைத்தறிச் சேலை.

"இவ பத்மா" என்றாள் ரஞ்சினி. "எங்கடை வார்ட்டிலைதான். தமிழ் ஆள். ஆனா இந்தியாவும் இல்லை, சிலோனும் இல்லை. ஊர் எது சொல்லுங்கோ பாப்பம்."

"மலேசியாவோ?" என்றார் இந்திரகுமார்.

"டர்பன்" என்றாள் பத்மா. "சவுத் ஆப்பிரிக்கா. எங்க பாட்டனார் காலத்துல கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க. நான் லண்டன்ல நர்சிங் படிச்சிட்டு அப்படியே இங்க வந்துட்டேன். என் தமிழ் கொஞ்சம் கோணலா இருக்கும், மன்னிச்சுக்குங்க."

சந்திரவதனா தட்டத்தைக் கீழே வைத்தாள். வைத்திருக்காவிட்டால் கட்லட் எல்லாம் கம்பளத்தில் உருண்டிருக்கும்.

இந்திரகுமாருக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. "அப்ப இண்டைக்கு நீங்கள்தான் பிரதம விருந்தாளி" என்றார். "உங்கடை நாட்டை நான் உங்களுக்குக் காட்டப்போறன்."

முதலில் தேநீர். பேச்சு ஊர்ப்பக்கம் திரும்பியது. அப்போது எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சுத்தான், பல்கலைக்கழக அனுமதி. தமிழ்ப் பிள்ளைகள் உள்ளே போகக் கூடின புள்ளி வேண்டும், சிங்களப் பிள்ளைகளுக்குக் குறைந்த புள்ளி போதும். யோகேஸ்வரனின் தம்பி அந்தப் புள்ளிக் கணக்கில் எஞ்சினியரிங் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். யோகேஸ்வரன் மெதுவாகத்தான் சொன்னார். கொதித்தது இந்திரகுமார்.

"மனிசரைப் பிறப்பாலை பிரிச்சு, உனக்கு இந்த வாசல், உனக்கு அந்த வாசல் எண்டு சொல்லுற நாடு உருப்படாது. நாங்கள் தலையைக் குனிஞ்சுகொண்டு போனதாலைதான் இவ்வளவும் வந்தது."

பத்மா கோப்பையைக் கையில் வைத்தபடி தலையை ஆட்டினாள். "நீங்க சொல்றது சரி அண்ணா" என்றாள். "எங்களுக்கு அது நல்லாத் தெரியும்."

சந்திரவதனா எழுந்து குசினிக்குப் போனாள். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா அடுப்பைத் துடைத்தாள். திரும்பி வந்து, "படத்தை இன்னொரு நாளைக்குப் பாப்பமே, முதல்லை சாப்பிடுவம். சோறு ஆறிப்போகும்" என்றாள்.

"ஆறினா சூடாக்கலாம்" என்றார் கணவர். விளக்கை அணைத்தார்.

முதல் படங்கள் மணல். செம்மணல் மேடுகள், ஒன்றின் பின்னால் ஒன்று. ஒரு மேட்டின் விளிம்பில் இந்திரகுமார் இடுப்பில் கைவைத்து நின்றார். அடுத்ததில் ஒரு மான் சாதி, இரண்டு கொம்பும் ஈட்டிமாதிரி நேராக.

"ஜெம்ஸ்பொக்" என்றாள் பத்மா. அவள் கதிரையின் நுனிக்கு வந்திருந்தாள். "இத நான் ஸ்கூல் புஸ்தகத்துல பாத்திருக்கேன். நேர்ல பாத்ததில்ல."

"உங்கடை நாட்டிலைதானே இருக்கு?" என்று கேட்டாள் ரஞ்சினி.

"இருக்கு. நாங்க எங்க போறது? ஒரு மாகாணத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போகவே எங்காளுங்க அனுமதி வாங்கணும். தென்மேற்குப் பக்கம் எங்கள உள்ள விடவே மாட்டாங்க. நடுவழியில தங்க ஓட்டலும் கிடையாது. நான் பொறந்த பக்கத்துல நான் பாத்தது எங்க தெரு, கரும்பு, அப்புறம் எங்களுக்குன்னு விட்ட ஒரு துண்டு கடற்கரை." குறைசொல்லும் குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. கண் திரையிலேயே இருந்தது. "அந்தக் கொம்பு எவ்வளவு நீளம் பாருங்க."

படங்கள் போயின. காய்ந்த ஆற்றுப் படுக்கையில் யானைகள் வந்தன. தீக்கோழிகள் வந்தன, முன்னால் தொப்பியோடு சந்திரவதனா. கரை நிறையக் கடல்நாய்கள் வந்தபோது, நாற்றம் மூன்று நாள் சட்டையை விட்டுப் போகவில்லை என்று இந்திரகுமார் சொன்னார், பத்மா வாய்விட்டுச் சிரித்தாள். ஒவ்வொரு படத்துக்கும் ஏதாவது கேட்டாள். இந்த யானை தண்ணிக்கு என்ன பண்ணும், ராத்திரி சத்தம் கேட்டுதா, மணல் சுட்டுதா. இவ்வளவு ஆசையாக அந்தப் படங்களை இதுவரை யாரும் பார்த்ததில்லை. இந்திரகுமார் அள்ளி அள்ளிச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்திரவதனாவுக்கு உடம்பு கூசியது. சொந்த வீட்டுக்காரியை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே போய் வந்து அறைகளை வர்ணிக்கிற வேலையல்லவா இது.

"சந்திராக்கா" என்றாள் ரஞ்சினி இருட்டில். "ஒரு படத்திலையும் பொட்டைக் காணேல்லை?"

"காத்து" என்றார் இந்திரகுமார். "அங்கத்தைக் காத்துக்குப் பொட்டென்ன, தலையே நிக்காது."

யோகேஸ்வரன் சிரித்தார். அடுத்த படம் விழுந்தது. பின்னால் ரோசா நிறத்தில் பூநாரைகள். முன்னால் இந்திரகுமாரும் சந்திரவதனாவும் தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள். தொப்பிக்குக் கீழே அவள் முகம் முழுதும் சிரிப்பு.

"இதிலை ரெண்டு பேரும் நிக்கிறியள். ஆர் எடுத்தது?" என்று ரஞ்சினி கேட்டாள்.

"ஒரு பொலிஸ்காரன்" என்றார் இந்திரகுமார். "அருமையான மனிசன். தானாய் வந்து கமராவை வாங்கி எடுத்துத் தந்தவன்."

பத்மா திரும்பி அவரைப் பார்த்தாள். "போலீஸ்காரனா? வெள்ளக்காரப் போலீஸா?"

"ஓம், வெள்ளைதான்."

"இது வெள்ளக்காரங்க பக்கம். அந்த ஓரத்துல பலகை தெரியுதே. அங்க உங்கள நிக்க விட்டானா? நீங்க இந்தியச் சாதின்னு தெரிஞ்சுமா?"

"தெரியாமல் என்ன? முகத்திலையே எழுதியிருக்குத்தானே." இந்திரகுமார் சிரித்தார். "பத்மா, நீங்கள் வெளிக்கிட்டுக் கனகாலம். பேப்பரிலை எழுதிற மாதிரி இப்ப அங்கை ஒண்டும் இல்லை. பலகை சும்மா பலகைதான். எங்களுக்கு ஒரு இடத்திலை ஒரு குறை வைக்கேல்லை. எல்லாம் மாறிப்போச்சு."

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்துச் சொல்லவில்லை. ஐந்து மாதமாகச் சொல்லிச் சொல்லி அது அவருக்கே உண்மையாகிவிட்டிருந்தது. தனக்குத் தந்தது இரவல் தோல் என்று ஒப்புக்கொண்டால் சிங்கம், யானை எல்லாமே இரவலாகிவிடும். அதை அவரால் தாங்க முடியாது.

பத்மா சுவரில் இருந்த படத்தையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"எங்க அப்பா பஸ் ஓட்டினவரு" என்றாள். "ரிட்டயர் ஆயிட்டாரு. பாலைவனமும் கடலும் ஒட்டிக் கிடக்கிற இடம் ஒண்ணு இருக்காம், சாகறதுக்குள்ள அதப் பாக்கணும்னு சொல்லிட்டே இருப்பாரு. ஒருதரம் டிக்கட் ஆபீஸ்ல போய் விசாரிச்சாரு. உனக்கு எதுக்குடா அதுன்னு ஒரு சின்னப் பையன் கேட்டானாம். அப்பாவுக்கு அப்ப அம்பது வயசு. அப்புறம் அவரு அதப்பத்திப் பேசல." மறுபடியும் கண்ணைத் துடைத்தாள். "தம்பி இப்ப கார் வாங்கியிருக்கான். கிறிஸ்மஸ் லீவுல அவரக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன். நாளைக்கே எழுதறேன். அண்ணா, எனக்கு இந்தப் படத்துல ஒரு காப்பி தருவீங்களா? போலீஸ்காரனே எடுத்த படம்னு எழுதி அனுப்பினா அவரு பயப்படாமப் போவாரு."

"காப்பி என்ன, இதையே கொண்டுபோங்கோ" என்றார் இந்திரகுமார்.

சந்திரவதனாவுக்கு அந்தக் கிழவர் தெரிந்தார். நல்ல சேட்டுப் போட்டு, மினுக்கிய சப்பாத்தோடு, இரண்டு நாள் கார் ஓடி, கையில் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு அந்தக் கரையில் நிற்பார். பொலிஸ்காரர் வருவார். கிழவர் படத்தை எடுத்துக் காட்டுவார். படத்தில் இவள் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

பேசாமல் இருந்துவிடலாம். சோறு போடலாம். நாளைக்கு ரஞ்சினிக்குப் போன் எடுத்து, ஒருமாதிரிப் பூசி மெழுகி, எழுத வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம். ரஞ்சினி காரணம் கேட்பாள். அதற்குள் கடிதம் போய்விடும்.  சந்திரவதனாவுக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம்.

"அப்பாவுக்கு எழுதாதேங்கோ" என்றாள்.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். படம் சுவரில் அப்படியே இருந்தது.

"அங்கை ஒண்டும் மாறேல்லை. எங்களைத் தமிழரெண்டு அவை விடேல்லை. இவரின்ரை மேலதிகாரி ஆரோடையோ கதைச்சு, ரெண்டு கிழமைக்கு எங்களை வெள்ளைக்காரரெண்டு வைச்சிருக்கச் சொன்னவர். அதுக்காகத்தான் நான் பொட்டை அழிச்சனான். காத்தும் இல்லை, ஒண்டும் இல்லை."

"சந்திரா, பேசாமல் இரும்" என்றார் இந்திரகுமார்.

"இந்த இடத்திலை எங்களுக்கு முதல் ஒரு மனிசன் நிண்டது. ரெண்டு பெட்டைக் குஞ்சுகளோடை. எங்கடை நிறந்தான். இந்தப் பொலிஸ்காரன் அந்த மனிசனைக் கலைச்சுப்போட்டு வந்துதான் எங்களைப் படம் எடுத்தவன். சின்னது பறவையைப் பாக்க வேணுமெண்டு தகப்பன்ரை தலையைப் பிடிச்சுக்கொண்டு இறங்க மாட்டனெண்டு நிண்டது. நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். பிறகு சிரிச்சனான்." சந்திரவதனா பத்மாவின் பக்கம் திரும்பினாள். "உங்கடை அப்பா போனாலும் அவரையும் அப்பிடித்தான் கலைப்பினம். எனக்கு வெக்கமாய்க் கிடக்கு பத்மா. என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

 யோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் தம்பியின் புள்ளிக்காகக் கொதித்த மனிதரைப் பார்ப்பதைத் தவிர்க்கத்தான் துடைத்தார் என்பது எல்லாருக்கும் விளங்கியது.

"நாங்கள் என்ன செய்யிறது?" இந்திரகுமாரின் குரல் உயர்ந்தது. "நாங்கள் வேண்டாமெண்டு திரும்பி வந்திருந்தா அந்த மனிசனை நிக்க விட்டிருப்பானே?"

"விட்டிருக்க மாட்டான்" என்றாள் பத்மா.

அவள் அவரை ஒத்துக்கொண்டதுதான் அவரைச் சாய்த்தது. எதிர்த்திருந்தால் அவர் ஒரு மணிநேரம் வாதாடியிருப்பார்.  புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் முகம் வியர்த்திருப்பது தெரிந்தது. சந்திரவதனாவுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இருவரும் சேர்ந்துதானே நின்றார்கள்.

ரஞ்சினி எழுந்தாள். "லைட்டைப் போடுங்கோ. சாப்பிடுவம்."

"இல்ல ரஞ்சினி. இரு" என்றாள் பத்மா. கோபம் இல்லாத குரல். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கையை நீட்டச் சொல்கிற குரலாக இருக்கலாம். "மிச்சப் படமும் இருக்கில்ல? நான் பாக்கணும். இனிமே எனக்கு யாரு காட்டப்போறாங்க." பிறகு இந்திரகுமாரைப் பார்த்துச் சொன்னாள். "ஆனா ஒண்ணு, அண்ணா. நீங்க ரெண்டு பேரும் இல்லாத படமாப் போடுங்க. எனக்கு அந்த எடம் தெரிஞ்சாப் போதும்."

இந்திரகுமார் பொத்தானை அழுத்தினார். பூநாரைகள் போயின.

அடுத்ததில் ஒரு மணல்மேடு நேரே கடலுக்குள் இறங்கியது. முன்னால் சந்திரவதனா காற்றுக்குத் தொப்பியைப் பிடித்தபடி நின்றாள். அவர் உடனே அழுத்தினார். உடைந்து கரையேறிய ஒரு கப்பல், அதன் துருப்பிடித்த இரும்பில் ஒரு கையை ஊன்றி இந்திரகுமார். அழுத்தினார். வரிக்குதிரைகள், ஜீப்பின் கதவில் சாய்ந்து சந்திரவதனா. அழுத்தினார். எங்கள் ஆட்களுக்கு ஆள் இல்லாத படம் என்றால் பிலிமுக்கு நட்டம். மலையோ கோயிலோ மிருகமோ, அதன் முன்னால் எங்களில் ஒருவர் போய் நின்றால்தான் அதை எடுத்ததாகக் கணக்கு. அங்கே போய் நில்லும், கொஞ்சம் இடப்பக்கம், சிரியும் என்று இந்திரகுமார் அந்த நாட்டின் ஒவ்வொரு மூலையிலும் சொல்லியிருந்தார். அப்படிச் சொல்லாத இடத்தில் தானே போய் நின்று, அவளை எடுக்கச் சொல்லியிருந்தார்.

விரல் வேகமாகியது. சிங்கம் வந்தது, முன்னால் அவர் தோள். முட்செடி, அவள். சூரியன் கடலில் இறங்குகிறது, நடுவில் அவர். ஒவ்வொரு படமும் விழுந்த கணத்தில் பத்மா முன்னால் குனிந்தாள், ஓரத்தில் தெரிகிற கொஞ்ச மணலையோ தண்ணீரையோ பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், அதற்குள் படம் போய்விட்டது. மெதுவாகப் போடுங்கள் என்று அவள் ஒருதரமும் கேட்கவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

சந்திரவதனா சுவரில் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரித்தாள், போனாள். சிரித்தாள், போனாள். ஒரு படமாவது வராதா என்று மனதுக்குள் கெஞ்சினாள். கைதவறி எடுத்த ஒன்று, வெறும் மணல் ஒன்று, எங்களில் ஒருவரும் குறுக்கே நிற்காத ஒரே ஒரு படம். ஸ்லைட் தட்டு முடிந்தது. சுவர் இருண்டது.

பத்மா இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றாள் சந்திரவதனா. "அவ்வளவுதான்."